ஆய்வுக் கருத்தரங்கில் முதல்முறை உட்காரப்போகும் சேலத்து மாணவர்களுக்கு

சென்னையில் சைக்கிள் ரிக்‌ஷா ஓட்டும் 229 பேரிடம் குடிப்பழக்கத்தையும் சேமிப்பையும் பற்றி மூன்று வாரச் சோதனை ஒன்று நடந்தது. அதன் முடிவு 2019இல் அமெரிக்கப் பொருளியல் சங்கத்தின் ஆய்விதழில் வந்தது. விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கத்துக் கரும்பு விவசாயிகளை அறுவடைக்கு முன்னும் பின்னும் சோதித்த ஆய்வு 2013இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியானது. பயன்பாட்டு நுண்பொருளியலும் (தனிமனிதரும் குடும்பமும் நிறுவனமும் எடுக்கும் முடிவுகளைத் தரவு கொண்டு அலசும் பிரிவு) மனித நடத்தையும் சந்திக்கும் இடத்தில் அடிக்கடி எடுத்துப் பேசப்படும் ஆய்வுகள் இவை. தரவு நம் மண்ணிலிருந்து போகிறது. அதை அலசும் அறைகளில் ஆத்தூரிலிருந்தோ ஓமலூரிலிருந்தோ வந்த முகம் அபூர்வம். “அதெல்லாம் டெல்லிக்காரர்களுக்கும் வெளிநாட்டில் படித்தவர்களுக்கும்” என்று நம் பிள்ளைகளிடம் சொல்லிச் சொல்லியே இந்த நிலைக்குக் கொண்டுவந்துவிட்டோம். எனக்கு இது பொறுக்கவில்லை. அதனால்தான் இந்த வழிகாட்டி. முதுகலைப் பொருளியல் மாணவர், புதிதாக முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தவர், கல்லூரி ஆசிரியர் என யாராக இருந்தாலும் சரி, இந்த வகைக் கருத்தரங்கில் இதுவரை உட்கார்ந்ததில்லை என்றால் இது உங்களுக்கு.

இது எந்த மாதிரிக் கூட்டம்

நம் கல்லூரிகளில் கருத்தரங்கு என்றால் குத்துவிளக்கு, வரவேற்புரை, வரிசையாகப் பல கட்டுரைகள், மாலையில் சான்றிதழ். அதற்கும் ஒரு பயன் உண்டு. ஆய்வுக் கருத்தரங்கு வேறு வகை. ஒரு பேச்சாளர், ஒரு கட்டுரை, 75 முதல் 90 நிமிடம். கட்டுரை பெரும்பாலும் இன்னும் ஆய்விதழில் அச்சேறாதது. ஓட்டை எங்கே என்று கண்டுபிடித்துச் சொல்லுங்கள் என்று கேட்கத்தான் பேச்சாளர் வந்திருக்கிறார். ஆகவே அவர் மூன்றாவது ஸ்லைடைத் தொடுவதற்குள் யாராவது குறுக்கிட்டுக் கேள்வி கேட்பார்கள். பெரியவர் பேசும்போது நடுவில் பேசக் கூடாது என்று வளர்ந்த நமக்கு இது முதலில் பதைபதைப்பாக இருக்கும். அங்கே அது மரியாதைக் குறைவு இல்லை. கட்டுரையை ஊன்றிக் கவனிக்கிறார்கள் என்பதற்கு அதுதான் அடையாளம். சில இடங்களில் முதல் பத்து நிமிடம் கேள்வி வேண்டாம் என்று விதி வைத்திருப்பார்கள்; இணைய வழியில் நடந்தால் கேள்வியைத் தட்டச்சு செய்யச் சொல்வார்கள். தொடங்கும்போதே இதை அறிவித்துவிடுவார்கள்.

பேசப்படும் பொருள் நம் அன்றாடத்துக்கு மிக அருகில் இருக்கும். ஒரு குடும்பம் எவ்வளவு சேமிக்கிறது, ஏன் சேமிக்க முடியவில்லை, ஒரு தொழிலாளி எந்தக் கூலி முறையில் அதிகம் உழைக்கிறார், ஒரு பெண்ணை வேலைக்குப் போகவிடாமல் எது தடுக்கிறது என்பது போன்ற கேள்விகள். 2002இல் டேனியல் கானெமன், 2017இல் ரிச்சர்ட் தேலர், 2019இல் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டூஃப்லோ, மைக்கேல் கிரெமர், 2021இல் டேவிட் கார்ட், ஜோஷுவா ஆங்ரிஸ்ட், கைடோ இம்பென்ஸ் ஆகியோர் பொருளியல் நோபல் பெற்றது இந்தத் துறைகளில் செய்த வேலைக்காகத்தான். பெயர்களை மனப்பாடம் செய்ய வேண்டாம். பேச்சில் இவை வந்து விழும்போது மிரளாமல் இருந்தால் போதும்.

எங்கே, எப்போது

சேலத்துக்குள் என்றால் கருப்பூரில் 1997 முதல் இயங்கும் பெரியார் பல்கலைக்கழகத்தின் பொருளியல் துறை அறிவிப்புப் பலகையையும், அரசு கலைக் கல்லூரியின் பலகையையும் பார்த்துவருவது நல்லது. சென்னை என்றால் 1971இல் மால்கம் ஆதிசேசையா தொடங்கிய வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனமும், மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸும். வேறு எதற்காகவாவது சென்னைக்குப் போகிற நாளோடு ஒரு கருத்தரங்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வாசலில் பெரும்பாலும் தடுக்க மாட்டார்கள். முன்கூட்டியே இரண்டு வரி மின்னஞ்சல் அனுப்பிவிட்டுப் போனால் இன்னும் நல்லது.

ஆனால் பெரும்பாலான நாட்களில் உங்கள் கருத்தரங்கு அறை உங்கள் வீட்டு மேசைதான். 2020க்குப் பிறகு பல்கலைக்கழகங்கள் பல தங்கள் கூட்டங்களை இணையத்திலும் திறந்துவிட்டன. நேரக் கணக்கைச் சரியாக வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கக் கிழக்குக் கடற்கரையில் நண்பகல் 12 மணி என்றால் நமக்கு அவர்களின் கோடைக்காலத்தில் இரவு 9.30, குளிர்காலத்தில் 10.30. லண்டனில் பகல் 1 மணி என்றால் நமக்குக் கோடையில் மாலை 5.30, குளிர்காலத்தில் 6.30. மார்ச்சிலும், அக்டோபர்–நவம்பரிலும் அவர்கள் கடிகாரத்தை மாற்றுவார்கள். அந்த வாரங்களில்தான் பலர் ஒரு மணி நேரம் முன்பின்னாக வந்து ஏமாறுகிறார்கள்.

முந்தைய நாள்: கட்டுரையை எப்படிப் படிப்பது

அறுபது பக்கக் கட்டுரையை முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை படிக்க உட்கார்ந்தால் பதினைந்தாம் பக்கத்தில் சோர்ந்துபோவீர்கள். சுருக்கத்தைப் படியுங்கள். முன்னுரையை இரண்டு முறை படியுங்கள். இந்தத் துறையில் முன்னுரையிலேயே கேள்வி, முறை, முடிவு மூன்றையும் சொல்லிவிடுவது வழக்கம். பிறகு நேராக அட்டவணைகளுக்குப் போங்கள். சமன்பாடுகள் நிறைந்த நடுப்பகுதியை முதல் வாசிப்பில் தாண்டிவிடுவதில் குற்றம் ஒன்றும் இல்லை.

அட்டவணை படிப்பதை மட்டும் பொறுமையாகப் பழகிக்கொள்ளுங்கள், ஏனென்றால் கருத்தரங்கில் பாதி நேரம் திரையில் இருப்பது அதுதான். பயிற்சிக்காக நானே ஒன்றைக் கற்பனையாக எழுதிக் காட்டுகிறேன். ‘வாரச் சேமிப்பு, ரூபாயில்’ என்று தலைப்பு. ‘உதவி பெற்ற குழு’ என்ற வரிசையில் 50 என்று எண், பக்கத்தில் இரண்டு நட்சத்திரம். அதற்குக் கீழே அடைப்புக்குறிக்குள் 20. அட்டவணையின் அடியில் ‘கட்டுப்பாட்டுக் குழுவின் சராசரி: 200’ (கட்டுப்பாட்டுக் குழு என்றால் உதவி பெறாதவர்கள்). அதற்கும் கீழே எத்தனை பேர் என்ற எண்ணிக்கை.

50 என்பது உதவி பெறாதவர்களைவிடப் பெற்றவர்கள் சராசரியாக எவ்வளவு கூடுதலாகச் சேமித்தார்கள் என்பது. 20 என்பது திட்டப் பிழை, அதாவது அந்த 50 எவ்வளவு முன்பின்னாக இருக்கலாம் என்பதன் அளவு. மேலே உள்ளதைக் கீழே உள்ளதால் வகுங்கள்: 2.5. இந்த விடை ஏறத்தாழ 2க்கு மேல் இருந்தால், இது வெறும் தற்செயலாக வந்த எண் என்று ஒதுக்குவது கடினம். நட்சத்திரங்கள் சொல்வதும் இதைத்தான். அதோடு நிறுத்திவிடாதீர்கள். திட்டப் பிழையை இரண்டால் பெருக்கி 50இலிருந்து கழித்தும் கூட்டியும் பாருங்கள்: 10 முதல் 90 வரை. உண்மையான பலன் வாரத்துக்குப் பத்து ரூபாயாகவும் இருக்கலாம், தொண்ணூறு ரூபாயாகவும் இருக்கலாம் என்பதுதான் இந்த அட்டவணையின் நேர்மையான செய்தி. கடைசியாக 50ஐ 200ஓடு ஒப்பிடுங்கள்: 25 சதவீத உயர்வு. இந்த அடிச் சராசரியைப் பார்க்காமல் நட்சத்திரத்தை மட்டும் பார்த்து மயங்குகிறவர்கள் பேராசிரியர்களிலும் உண்டு. நீங்கள் அந்தப் பழக்கத்துக்குள் போகாதீர்கள்.

அறைக்குள்: ஒரே ஒரு கேள்வியைப் பிடித்துக்கொள்ளுங்கள்

முதல் சில கூட்டங்களில் எல்லாம் புரியாது. எல்லாவற்றையும் புரிந்துகொள்ள முயன்றால் ஒன்றும் மிஞ்சாது. ஆகவே ஒரே ஒரு கேள்வியை நோட்டுப்புத்தகத்தின் மேலே எழுதி வைத்துக்கொண்டு உட்காருங்கள்: யாரை யாரோடு ஒப்பிடுகிறார்கள்? கருவி மாறி, தொடர்புப் போக்கு, நிலைத்த விளைவுகள் என்று எந்தக் கலைச்சொல் திரையில் ஓடினாலும் கடைசியில் அது ஓர் ஒப்பீட்டில்தான் போய் நிற்கும். அந்த ஒப்பீடு நியாயமானதா என்பதில்தான் 90 நிமிடமும் சண்டை நடக்கிறது.

கரும்பு ஆய்வையே எடுத்துக்கொள்வோம். ஒரே விவசாயியை அறுவடைக்கு முன், கையில் காசு முடையாக இருக்கும்போது ஒருமுறை சோதித்தார்கள். அறுவடை முடிந்து பணம் வந்தபின் இன்னொருமுறை சோதித்தார்கள். புதிர்களை விடுவிக்கும் திறனும் கவனமும் அறுவடைக்குப் பின் கூடியிருந்தன. பணக் கவலையே மனத்தின் பெரும்பகுதியைப் பிடித்துக்கொள்கிறது என்பது ஆய்வாளர்களின் வாதம். இப்போது நம் கேள்வியைப் போட்டுப் பாருங்கள். ஒப்பீடு அதே மனிதரின் இரண்டு நாட்களுக்கு இடையில். இரண்டாம் முறை அதே மாதிரியான சோதனையை எழுதும்போது பழக்கத்தால் நன்றாகச் செய்திருக்கலாமே? இது யாருக்கும் தோன்றும் சந்தேகம், நல்ல சந்தேகம். ஆய்வாளர்கள் சிலரை முதல் சுற்றில் சோதிக்காமல் ஒதுக்கி வைத்து, அறுவடைக்குப் பின் முதன்முறையாகச் சோதித்துப் பார்த்தார்கள். அடுத்த சந்தேகம்: அறுவடைக் காலம் என்றால் பருவமும் மாறியிருக்கும், திருவிழாக்களும் வந்துபோயிருக்கும், அதன் பாதிப்பாக இருக்கலாமே? இங்கேதான் கரும்பைத் தேர்ந்தெடுத்ததன் அழகு தெரிகிறது. ஆலையால் எல்லாக் கரும்பையும் ஒரே வாரத்தில் அரைக்க முடியாது. எனவே வெட்டும் நாள் பல மாதங்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்படுகிறது. ஒருவர் வெட்டிப் பணம் வாங்கிவிட்டார், பக்கத்து வயல்காரர் அதே நாளில் இன்னும் உத்தரவுக்குக் காத்திருக்கிறார். மோகனூர் ஆலைக்குக் கரும்பு அனுப்பும் குடும்பத்துப் பிள்ளைக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. வீட்டில் பார்த்துத் தெரிந்ததே ஆய்வு முறையாக உட்கார்ந்திருக்கிறது.

ஒப்பீட்டைக் கட்டும் வழிகள் சில உண்டு. மிகத் தெளிவானது குலுக்கல். ரிக்‌ஷா ஆய்வில் யாருக்குப் ‘போதையில்லாமல் வந்தால் கூடுதல் பணம்’ என்பதைக் குலுக்கலே முடிவுசெய்தது. அதனால் இரு குழுவும் சராசரியாக ஒரே மாதிரி மனிதர்கள். முடிவு நுணுக்கமானது. கூடுதல் பணம் பெற்றவர்களின் பகல் குடி குறைந்தது. மொத்தக் குடி பெரிதாகக் குறையவில்லை. ஆனால் சேமிப்பு ஏறத்தாழ 50 சதவீதம் உயர்ந்தது. அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, தன்னைத் தானே கட்டுப்படுத்திக்கொள்வதற்காக நிச்சயமாக வரும் பணத்தில் ஒரு பகுதியை விட்டுக்கொடுக்கப் பெரும்பாலோர் முன்வந்தார்கள் என்பது. தீபாவளிச் சீட்டில் மாதாமாதம் பணம் கட்டி, நடுவில் எடுக்க முடியாமல் தன் கையைத் தானே கட்டிக்கொள்ளும் நம் தெருப் பெண்களுக்கு இந்த மனநிலை நன்றாகத் தெரியும்.

குலுக்கல் முடியாதபோது முன்–பின், இங்கே–அங்கே என்று இரட்டை ஒப்பீடு செய்வார்கள். டேவிட் கார்டும் ஆலன் குரூகரும் 1994இல் வெளியிட்ட ஆய்வு இதற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு. நியூ ஜெர்சியில் 1992 ஏப்ரலில் குறைந்தபட்சக் கூலி 4.25 டாலரிலிருந்து 5.05 டாலராக உயர்ந்தது. பக்கத்துப் பென்சில்வேனியாவில் உயரவில்லை. இரு பக்கத்து உணவகங்களிலும் எத்தனை பேருக்கு வேலை இருக்கிறது என்று முன்னும் பின்னும் பார்த்தார்கள். இதை நம் ஊரில் எப்படிப் பொருத்துவது? சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் 2021 மே 8 முதல் நடைமுறைக்கு வந்தது. ‘மே மாதத்துக்கு முன், பின் என்று எடுத்துப் பெண்கள் வேலைக்குப் போவதை ஒப்பிட்டால் என்ன?’ என்று மாணவர்கள் ஆர்வமாகக் கேட்பார்கள். மே 10 அன்று முழு ஊரடங்கு தொடங்கிவிட்டது. வெறும் முன்–பின் ஒப்பீடு அங்கேயே செத்துவிட்டது. ஆண்களை ஒப்பிடலாமா? நகரப் பேருந்து போகாத ஊர்களை ஒப்பிடலாமா? ஊரடங்கு ஆண்களையும் பெண்களையும் ஒரே மாதிரி பாதித்ததா? இந்த மூன்று கேள்வியை ஓர் அரைமணி நேரம் நண்பர்களோடு விவாதித்தால், புத்தகத்தில் ஓர் அத்தியாயம் படித்ததைவிட அதிகம் கிடைக்கும்.

மூன்றாவது, எல்லைக்கோடு. ஏதோ ஒரு மதிப்பெண்ணுக்கு மேல் போனால் உதவித்தொகை உண்டு, கீழே வந்தால் இல்லை என்றால், கோட்டுக்குச் சற்று மேலும் சற்றுக் கீழும் இருப்பவர்களை ஒப்பிடலாம். ஆனால் மக்கள் கோட்டை அறிந்து அதற்கேற்ப நகர முடியுமானால் ஒப்பீடு கெட்டுவிடும். வீட்டு மின்கட்டணத்தில் இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண விகிதமே மாறுகிறது. மீட்டரைப் பார்த்துப் பார்த்து 490இல் ஏசியை அணைக்கும் வீடும், கவனிக்காமல் 510க்குப் போகும் வீடும் ஒரே மாதிரி வீடுகள் அல்ல. இந்த ஒரு வாக்கியத்தைச் சரியான இடத்தில் சொல்லத் தெரிந்தால் நீங்கள் கருத்தரங்கில் பங்கேற்கத் தொடங்கிவிட்டீர்கள்.

கருவி மாறி (காரணத்தை மட்டும் அசைத்து, அதன் வழியாகவே முடிவைத் தொடும் ஒரு வெளிக் காரணி) பற்றி இப்போதைக்குக் கவலை வேண்டாம். அது வரும்போது ‘இது வேறு எந்த வழியிலும் முடிவைப் பாதிக்காதா?’ என்று மட்டும் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

கேள்வி கேட்பது

பலர் வருடக்கணக்கில் வாயே திறக்காமல் உட்கார்ந்துவிட்டு வருவதற்குக் காரணம் ஆங்கிலம். இதற்கு ஒரு செய்முறை உண்டு. கேள்வியை முதலில் தமிழில் ஒரே வாக்கியமாக எழுதுங்கள். ஒரே வாக்கியத்தில் வரவில்லை என்றால் அது இரண்டு கேள்வி, ஒன்றை விட்டுவிடுங்கள். பிறகு அதை எளிய ஆங்கிலத்தில் எழுதி, எழுதியதைப் பார்த்தே படியுங்கள். பார்த்துப் படித்தால் யாரும் குறைவாக நினைக்க மாட்டார்கள். முன்னுரை, பாராட்டுரை, ‘நான் கேட்பது தவறாக இருக்கலாம், ஆனால்’ என்ற பணிவு எதுவும் வேண்டாம்.

தொடக்கத்தில் விளக்கக் கேள்விகளே போதும். ‘இந்த எண் நாளுக்கா வாரத்துக்கா?’, ‘கட்டுப்பாட்டுக் குழுவுக்குப் பணம் ஏதாவது கொடுத்தீர்களா?’, ‘இடையில் விலகியவர்கள் எத்தனை பேர், எந்தக் குழுவில்?’ கடைசிக் கேள்வி எளிமையாகத் தெரிந்தாலும் பல கட்டுரைகளை ஆட்டிப்பார்த்த கேள்வி. உதவி பெற்ற குழுவில் மட்டும் பலர் விலகியிருந்தால், மிஞ்சியவர்களின் சராசரியை எதோடு ஒப்பிடுவது?

அடுத்த படி, உங்கள் ஊரிலிருந்து எழும் கேள்வி. சேலத்து மாணவருக்கு உண்மையான பலம் இங்கேதான் இருக்கிறது. வியட்நாமில் பால் ஊற்றும் விவசாயிகளிடம் நடந்த ஒரு கள ஆய்வு 2014இல் வெளியானது. பாலின் தரத்தை வாங்கும் நிறுவனமே அளந்து விலை போடுகிறது. அளவு சரிதானா என்று விவசாயிக்குத் தெரியாது. குலுக்கல் முறையில் சிலருக்கு, வெளி ஆய்வகத்தில் சோதித்துக்கொள்ளும் சீட்டுக் கொடுத்தார்கள். சீட்டுப் பெற்றவர்கள் தீவனத்தில் கூடுதலாகச் செலவிட்டார்கள், உற்பத்தியும் கூடியது. இதை ஓர் ஸ்லைடில் பார்க்கும் டெல்லி மாணவருக்கு இது ஒரு சுவையான செய்தி. ஆத்தூர், தலைவாசல் பக்கத்து மாணவிக்கு இது வீட்டுக் கதை. மரவள்ளிக்கிழங்கு லோடு ஜவ்வரிசி ஆலைக்குப் போனால் எடை மட்டும் விலையைத் தீர்மானிப்பதில்லை. மாவுச்சத்து எத்தனை ‘பாயிண்ட்’ என்று ஆலையில் அளந்து, அந்தப் பாயிண்ட் கணக்கில்தான் விலை. அந்த அளவைப் பற்றி விவசாயிகளுக்கு இருக்கும் மனக்குறை ஊரறிந்தது. அறுத்த கிழங்கு சீக்கிரம் கெட்டுவிடும், திருப்பி ஏற்றிக்கொண்டு போக முடியாது. அங்கே நின்று பார்த்தவர்தான் இப்படிக் கேட்பார்: ‘எந்த விவசாயியிடம் சோதனைச் சீட்டு இருக்கிறது என்பது வாங்கும் நிறுவனத்துக்குத் தெரியுமா?’, ‘வேறு நிறுவனத்துக்கு விற்கும் வழி அந்த ஊரில் இருக்கிறதா?’ இரண்டுமே அந்த ஆய்வின் நரம்பைத் தொடும் கேள்விகள். புள்ளியியல் தெரிந்தவர்கள் அறையில் நிறையப் பேர் இருப்பார்கள். ஆலை வாசலில் லோடு வண்டியோடு காத்திருப்பது எப்படி இருக்கும் என்று தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான்.

தயக்கம் போக இன்னொரு செய்தி. சென்னையில் குறைந்த வருமானம் உள்ளவர்களின் தூக்கத்தை அளந்து 2021இல் ஓர் ஆய்வு வந்தது. எட்டு மணி நேரம் படுக்கையில் இருந்தும் அவர்கள் தூங்கியது சராசரியாக ஐந்தரை மணி நேரம். உதவிகள் செய்து இரவுத் தூக்கத்தை 27 நிமிடம் கூட்டினார்கள். உழைப்புத் திறனில் கண்டுபிடிக்கத்தக்க மாற்றம் எதுவும் இல்லை. பணியிடத்தில் மதியம் போட்ட குட்டித் தூக்கம்தான் பலன் தந்தது. நிபுணர்களிடம் முன்கூட்டியே கணிப்புக் கேட்டு வைத்திருந்தார்கள். அந்தக் கணிப்புகளுக்கு மாறாகத்தான் முடிவு வந்தது. துறையின் பெரியவர்களும் முன்கூட்டி அறிந்தவர்கள் அல்லர். உங்கள் சந்தேகத்துக்கும் அந்த அறையில் இடம் உண்டு.

சேலத்திலேயே ஒரு வட்டம்

நான்கு பேர் போதும். வாரம் ஒரு மாலை, ஒரு கட்டுரை. ஒருவர் 20 நிமிடம் கட்டுரையை எடுத்துரைக்க வேண்டும். இன்னொருவர் அதற்கு எதிர்வாதம் செய்ய வேண்டும். மற்ற இருவரும் வாரம் ஒரு கேள்வியாவது எழுதிக்கொண்டு வர வேண்டும். தமிழில் பேசுங்கள். கலைச்சொல் ஆங்கிலமாகவே இருந்துவிட்டுப் போகட்டும், வாதம் தமிழில் நடந்தால் போதும். புரியாததைப் புரிந்ததுபோல் காட்டிக்கொள்வது தமிழில் கடினம். ஒப்பீடு எங்கே என்று தமிழில் சொல்ல முடியாவிட்டால், கட்டுரையை மறுபடி திறக்க வேண்டும்.

கட்டுரைகளுக்குப் பணம் கொடுக்க வேண்டாம். பெரும்பாலான ஆசிரியர்கள் தங்கள் சொந்த இணையப் பக்கத்தில் வரைவை இலவசமாக வைத்திருப்பார்கள். அமெரிக்கப் பொருளியல் சங்கத்தின் இதழ்களில் வரும் பல கட்டுரைகளுக்குத் தரவும் கணக்கிட்ட நிரலும் கூடவே கிடைக்கும். ‘ஆர்’ என்ற இலவச மென்பொருளில் ஒரே ஓர் அட்டவணையை மறுபடி போட்டுப் பார்த்தால், அடைப்புக்குறிக்குள் இருக்கும் எண் எங்கிருந்து வருகிறது என்பது கைக்கு வந்துவிடும். அதே சங்கம் 2013 முதல் நடத்தும் சோதனைப் பதிவேட்டில், இன்னும் முடியாத ஆய்வுகளின் திட்டங்களையும் படிக்கலாம்.

ஆண்டுக்கு ஒருமுறை வட்டத்தை ஏற்காட்டுக்கு எடுத்துப் போங்கள். மே மாதக் கோடை விழா, மலர்க் கண்காட்சிக் கூட்டத்தில் அறையும் கிடைக்காது, அமைதியும் கிடைக்காது. காப்பிப் பழம் பறிக்கும் நவம்பர் முதல் பிப்ரவரி வரையிலான மாதங்கள் பொருத்தம். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வந்த களைப்பில் முதல் நாள் மாலை எதுவும் ஓடாது. மறுநாள் காலையில் தொடங்குங்கள். கட்டுரைகளைக் கீழேயே தரவிறக்கி அச்செடுத்துவிடுங்கள். இரண்டு கட்டுரைக்கு மேல் வேண்டாம். மதியம் ஓர் எஸ்டேட்டில் அனுமதி கேட்டு, கூலி எப்படிப் போடப்படுகிறது, நாள் கணக்கா, பறித்த எடைக் கணக்கா, பட்டுவாடா எந்தக் கிழமை என்று கேட்டு வாருங்கள். போவதற்கு முன் மைசூரில் தரவுப் பதிவுத் தொழிலாளர்களிடம் நடந்த, 2015இல் வெளியான ஆய்வைப் படித்துவிடுங்கள். சம்பள நாள் நெருங்க நெருங்க உழைப்புக் கூடியதை அதில் அளந்திருக்கிறார்கள். இலக்கை எட்டாவிட்டால் கூலி குறையும், எட்டினாலும் கூடுதல் எதுவும் இல்லை என்ற, வெளிப்பார்வைக்கு நட்டமான ஒப்பந்தத்தை மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான தடவைகளில் தொழிலாளர்கள் தாங்களாகவே தேர்ந்தெடுத்தார்கள். ஏன் என்று ஏற்காட்டில் ஒரு மாலை முழுக்கப் பேசலாம்.

களத்தில் இறங்கும் முன்

படித்துக்கொண்டே இருந்தால் ஒரு நாள் சொந்தக் கேள்வி பிறக்கும். செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறைகள் இருக்கின்றன, அம்மாப்பேட்டையில் தறிகள் இருக்கின்றன. முன்பணம் வாங்கிய தொழிலாளி அதே முதலாளியிடம் தங்கிவிடுவது ஏன், முன்பணம் இல்லாவிட்டால் அவருடைய கூலி என்னவாக இருக்கும் என்பது உலகத் தரமான கேள்வி. ஆனால் கவனம். பட்டறைக்குள் நின்று, முதலாளி காதுபட, ‘முன்பணம் எவ்வளவு பாக்கி?’ என்று ஒருவரிடம் கேட்காதீர்கள். அவர் சொல்லும் பதில் உண்மையாகவும் இருக்காது, அதனால் அவருக்குத் தொல்லையும் வரலாம். வெளியே, தேநீர் குடிக்கும் நேரத்தில், தனியாகக் கேளுங்கள். எதற்காகக் கேட்கிறோம், யார் யார் பார்ப்பார்கள், பதில் சொல்லாமல் எழுந்து போகவும் உரிமை உண்டு என்று முதலிலேயே சொல்லுங்கள். பெயரை ஒரு தாளிலும், பதிலை வேறொரு தாளிலும் எழுதி, எண்ணால் மட்டும் இணையுங்கள். ஆய்வுக்கு முன் அனுமதி தரும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் என்பது காகிதச் சடங்கு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஒருவருடைய கடனைப் பற்றிக் கேட்கிறோம். அவருக்குக் கெடுதல் வராமல் பார்த்துக்கொள்வது நம் கடமை.

நீங்கள் பேசும் நாள்

முதல் பத்து நிமிடத்துக்குள் கேள்வி, ஒப்பீடு, முதன்மை முடிவு மூன்றையும் சொல்லிவிடுங்கள். முடிவைக் கடைசிவரை மறைத்து வைத்தால் கேள்விகளில் நேரம் கரைந்து, அந்த ஸ்லைடுக்குப் போகவே முடியாது. அறிமுகப் புத்தகப் பட்டியலை நீளமாக ஒப்பிக்க வேண்டாம். ஓர் அட்டவணையில் பத்து நெடுவரிசை இருந்தால் இரண்டை மட்டும் பெரிதாகக் காட்டுங்கள். வட மாநிலத்தவரும் வெளிநாட்டவரும் இருக்கும் அறை என்றால், பாயிண்ட் கணக்கு, கொலுசுக் கூலி, ஏலச்சீட்டு எதுவானாலும் ஒரு புகைப்படத்தோடு இரண்டு நிமிடம் பொறுமையாக விளக்குங்கள்; உங்கள் ஒப்பீட்டின் நம்பகம் அந்த விளக்கத்தில்தான் நிற்கிறது.

குறுக்குக் கேள்வி வரும்போது மூன்று விதமாகப் பதில் சொல்லலாம். தெரிந்தால் ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள். பின்னால் ஸ்லைடு இருந்தால் ‘ஐந்து நிமிடத்தில் வருகிறேன்’ என்று சொல்லி, சொன்னபடி வாருங்கள். தெரியாவிட்டால் ‘பார்க்கவில்லை, பார்க்கிறேன்’ என்று சொல்லி அவர்கள் கண்ணெதிரிலேயே எழுதிக்கொள்ளுங்கள். நண்பர் ஒருவரை எல்லாக் கேள்விகளையும் கேட்டவர் பெயரோடு குறித்துவைக்கச் சொல்லியிருந்தால் நல்லது, பேசுகிறவருக்குப் பாதி நினைவில் நிற்காது. அன்று இரவே அந்தப் பட்டியலை எடுத்து, ஒப்பீட்டைத் தொடும் கேள்விகளை ஒரு பக்கமும் மற்றவற்றை மறுபக்கமும் பிரியுங்கள். முதல் வகைக்குப் பதில் கண்டுபிடித்ததும், கேட்டவருக்கு நான்கு வரி மின்னஞ்சலில் புது அட்டவணையை இணைத்து அனுப்புங்கள்.